படத்தில் கண்டபடி

டைட்டஸ் செருப்பை வாசலில் கழற்றினார். நனைந்த குடையைச் சுவரில் சாய்த்தார். ஃப்ரீசர் பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் பண்ணினார். பிறகு கக்கத்தில் இடுக்கியிருந்த நீளமான பதிவேட்டை எடுத்துப் பெட்டியின் கண்ணாடி மேலேயே விரிக்கப் போய், சட்டென்று நாகரிகம் நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"வினோலியா, கோச்சிக்காதம்மா. உங்க அப்பா ஏற்கெனவே அடக்கமாயிட்டாரு."

வினோலியா காபித் தட்டோடு நின்றாள். காலை ஐந்தரைக்கு உயிர் போன மனிதர் எப்போதோ அடக்கமாகிவிட்டார் என்று, பதினோரு மணிக்குக் கல்லறைத் தோட்டக் கமிட்டிச் செயலாளரே வீடு தேடி வந்து சொன்னால் யாருக்கும் தட்டு நழுவும். அவளுக்கு நழுவவில்லை. இந்தப் பேச்சு என்றைக்காவது வரும் என்று அரைகுறையாகத் தெரியும். இன்றைக்கே வந்து தொலைய வேண்டுமா என்றுதான் எரிச்சலாக இருந்தது.

"எந்த வருஷம் போட்டுக்கீது அண்ணா?"

"அறுபத்தொண்ணு, நவம்பர். நீயே பாரு."

பழுத்த காகிதத்தில் நீல மை. அந்தக் காலத்துப் பாஸ்டரின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மாணிக்கராஜ், மாரிகுப்பம், வயது 24. மலை மின்சார வேலையில் விபத்து. கடைசிக் கட்டத்தில், மரணத்துக்கு ஆதாரம் என்ற தலைப்புக்குக் கீழே, இரண்டே சொல்: படத்தில் கண்டபடி.

பெட்டிக்குள் படுத்திருந்த மாணிக்கராஜுக்கு வயது எண்பத்தெட்டு. கோலார் தங்கச் சுரங்கத்தில் முப்பத்துமூன்று வருடம் துளை போட்டு, சுரங்கம் மூடுவதற்கு முன்னாலேயே ஓய்வு பெற்று, மனைவி இசபெல்லாவைப் பதினான்கு வருடங்களுக்கு முன்னால் பறிகொடுத்து, சுரங்கக் கம்பெனி கட்டிய இந்த லைன் வீட்டில் மூத்த மகள் வினோலியாவோடு இருந்தவர். வினோலியாவுக்கு ஐம்பத்தேழு. பெங்களூரில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர் வேலை. விடியற்காலை ரயிலில் போய், நாளெல்லாம் சட்டைகளைப் புரட்டித் தையல் பிசகைக் கண்டுபிடித்து, இருட்டிய பிறகு திரும்பி வருவாள். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அதற்குக் காரணம் இன்னது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள், அவளிடம் கேட்டால் டைம் கிடைக்கவில்லை என்பாள்.

அப்பா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போன மாதம், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, உப்பு கொஞ்சம் போடு என்று சொல்கிற அதே குரலில் கேட்டார். "என்ன அவ பக்கத்துலயே போட்டுடு." சரி என்று சொல்லிவிட்டு உப்பு எடுக்கப் போனாள். இப்போது அந்தச் சரிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல் போய் எட்டு வருடம் ஆகிறது. குடும்பக் குழி இருந்தால் திறந்து அடக்கம் பண்ணலாம். இல்லாதவர்கள் ஊருக்கு வெளியே, தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டையும் தாண்டி எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புது இடத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே முள்வேலியும் ஒரு வேப்பங்கன்றும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. இசபெல்லா படுத்திருப்பது பழைய தோட்டத்தில். இருபது வருடம் ஆகாத குழியைத் திறக்க விடமாட்டார்கள் என்பதால் அவள் குழியிலும் இடமில்லை. அவளுக்குப் பக்கத்துக் குழியில் சிமெண்டுச் சிலுவையில் மாணிக்கராஜ் என்று பெயரே எழுதியிருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா நேராக அங்கே போய்த் தன் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டு மனைவியிடம் அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டு வருவார். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

வினோலியாவின் தம்பி இன்பராஜ் பின்கட்டிலிருந்து வேகமாக வந்தான். கே.ஆர்.புரத்திலிருந்து காலையில்தான் மகன் ரோனியோடு வந்து இறங்கியிருந்தான். அழுது முடித்த முகம் அடுத்ததாகச் சண்டைக்குத் தயாராக இருந்தது.

"இன்னா அண்ணா இது? நீங்களே எங்க அப்பாவுக்கு இருபத்திநாலு வருஷம் டோக்கன் குடுத்தவரு. செத்தவனுக்கா குடுத்துனு இருந்தீங்க?"

டைட்டஸ் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர். ஷிஃப்டுக்குக் கீழே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் பித்தளை டோக்கன் கொடுப்பதும், ஏறி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுவதும்தான் அவருடைய வாழ்க்கை. ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் அந்தப் புத்தி அவரை விட்டுப் போகவில்லை.

"உங்க அப்பா உசுரோட இருந்தாரு. அத்த நீ எனக்குச் சொல்லணுமா? அந்தக் குழியில யாரு கீறாங்கன்றதுதான் கேள்வி. மாரிகுப்பத்துல மட்டும் நாலு மாணிக்கராஜு இருந்தாங்கப்பா. அப்பன் பேரு போடாம வுட்டுட்டாரு அந்த பாஸ்டரு."

"குழியில யாரும் இல்லீங்க. பூட்ஸும் சட்டையும்தான் கீது. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும்னா யாரு தெரியும்? உங்க அப்பா சொல்லித்தான தெரியும்? அவரு வுட்ட ரீலு கொஞ்சமா நஞ்சமா? மலையில சினிமாவுல நடிச்சேன்னாரு, வெள்ளக்காரன் பிஸ்கட்டு டின்னு குடுத்தான்னாரு. நானும் கேட்டுனுதான் இருந்தேன்."

இன்பராஜ் வாயைத் திறந்தான். டைட்டஸ் கையைக் காட்டினார்.

"போன வருஷம் இதே மாதிரி ஒரு குடும்பம், எங்க குழிதான்னு சொல்லித் தொறந்தாங்க. வேற ஒருத்தர் வூட்டு எலும்பு வந்துச்சி. நாலு நாளு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்தவன் நானு. எனக்கு பி.பி. மாத்திரை ஆரம்பிச்சதே அங்கதான். உள்ள ஆள் இல்லன்னு தெரிஞ்சாத்தான் தோண்டலாம். புதுப் பாஸ்டரும் அத்தத்தான் சொல்றாரு."

"தோண்டுனாத்தான தெரியும்?"

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

மழை மறுபடி வலுத்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு கொஞ்ச நேரம் கேட்கவில்லை. நாலு மணிக்கு அடக்கம் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. வினோலியா காபியை டைட்டஸ் கையில் கொடுத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் பதிவேட்டின் அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்தில் கண்டபடின்னா இன்னான்னு நெனச்சீங்க அண்ணா?"

"போட்டோதான். கம்பெனிக்காரன் பொணத்த படம் புடிச்சி அனுப்பிக்கிறான். அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

"போட்டோ இல்ல. சினிமா படம்."

டைட்டஸ் காபியை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

நடந்தது இதுதான். மாணிக்கராஜுக்கு இருபத்திரண்டு வயதானபோது, மலையில் தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுக்கிற வேலைக்குப் பாறை தெரிந்த ஆள் வேண்டும் என்று இங்கே வந்து ஆள் எடுத்தார்கள். மலையைக் குடைந்து தண்ணீருக்குச் சுரங்கப்பாதை போட வேண்டும். அந்த வேலைக்குத் தங்க வயல்காரனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள். மாரிகுப்பத்திலிருந்து பதினாறு பேர் ரயில் ஏறினார்கள். மாணிக்கராஜுக்குக் கடுதாசி எழுதுகிற பழக்கம் கிடையாது. ஐந்து மாதம் சேர்ந்தாற்போல ஒரு வரி வராமல் இருந்த சமயத்தில், அவருடைய தாயார் அமலம்மா பக்கத்து வீட்டுக்காரிகளோடு ராபர்ட்சன்பேட்டை தியேட்டருக்குப் படம் பார்க்கப் போனாள். அந்த நாளில் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் படம் ஓட்டுவார்கள். அன்றைக்கு ஓடியது மலையில் மின்சாரம் எடுக்கிற கதை. அமலம்மா மகன் தெரிகிறானா என்று திரையைத் துழாவினாள். தெரிந்தான். ஸ்ட்ரெச்சரில், கழுத்துவரை கம்பளி போர்த்தி, கண் மூடி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பெரிய படம் ஆரம்பிக்குமுன் அவள் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். தந்தி அடித்தார்கள். மலையில் பாதை சரிந்து கிடந்ததால் பதில் வரவில்லை. பாறை வெடித்து உடம்பு மேலே வராமல் போனவர்களுக்கு உடுப்பைப் பெட்டியில் வைத்து அடக்கம் பண்ணுவது சில வீடுகளில் வழக்கம். அமலம்மாவும் மகனுடைய பழைய பூட்ஸையும் ஒரு சட்டையையும் பெட்டியில் வைத்து, பாஸ்டரைக் கூப்பிட்டு, மணி அடித்து, மண் போட்டாள். ஐந்து வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மாணிக்கராஜ் ரயிலை விட்டு இறங்கி டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். அவள் உள்ளே கூப்பிடவில்லை. கையை நீட்டச் சொன்னாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்து அடித்தாள் என்று அப்பா சொல்வார். அடி மட்டும் ரீல் இல்லை என்று சேர்த்துக்கொள்வார்.

மையால் எழுதியதை மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார் பாஸ்டர். வெட்டிய குழி வெட்டியதாகவே இருக்கட்டும், என்றைக்கானாலும் வேண்டியதுதானே என்றாள் அமலம்மா. அதோடு அந்த விஷயம் கிடப்பில் போனது.

"அந்தப் படம் இப்ப எங்க போயித் தேடுவ?" என்றார் டைட்டஸ்.

வினோலியா ரோனியைப் பார்த்தாள். அவனுக்கு இருபத்தெட்டு வயது, ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன்தான் அந்தப் படத்தை இன்டர்நெட்டில் கண்டுபிடித்தான். பழைய ரீல்களைச் சேர்த்து வைக்கிற யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருந்தார். ரோனி தாத்தாவுக்குக் காட்டத் துள்ளிக்கொண்டு வந்தபோது, மாணிக்கராஜ் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்றார். எல்லோரும் தாயாரின் நினைவு என்று எண்ணிக்கொண்டார்கள். அன்று மாலை வினோலியாவிடம் மட்டும் சொன்னார். மலையில் அவரோடு ஜோடியாக டிரில் பிடித்தவன் சம்பங்கி. மருந்து வெடித்துச் செத்தவன் அவன்தான். அப்போது கேமராக்காரர்கள் அங்கே இல்லை. பதினைந்து நாள் கழித்து வந்து, விபத்து இல்லாமல் படம் எப்படி என்று, அதே ஸ்ட்ரெச்சரில் அதே கம்பளியில் இவரைப் படுக்க வைத்தார்கள். அசையாமல் படுத்ததற்கு ஒரு டின் பிஸ்கட். "அது என் படம் இல்ல வினோலியா. சம்பங்கி படம். அவன் எடத்துல நான் படுத்துனு இருந்தேன், அவ்ளோதான்." அதனால் வீட்டில் ஒருவரும் அந்தப் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கும் மனம் வரவில்லை. அப்பா வேண்டாம் என்றதை அப்பா இல்லாத முதல் நாளே செய்வது சரியில்லை என்று பட்டது. ஆனாலும் எட்டு கிலோமீட்டர் எட்டு கிலோமீட்டர்தான்.

"போடு ரோனி," என்றாள்.

"ஆய்த்து அத்தை," என்று பெங்களூர்க் கன்னடத்தில் சரி சொன்னான்.

லேப்டாப்பை எங்கே வைப்பது என்று பார்த்தான். நாற்காலிகளையெல்லாம் வாசல் பந்தலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கடைசியில் ஃப்ரீசர் பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்த ஸ்டூலில், மெழுகுவர்த்தியை நகர்த்திவிட்டு வைத்தான். பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை ஒப்புக்கு முடித்துவிட்டு நெருங்கி வந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பழைய சுரங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் என்னவோ ஏதோ என்று உள்ளே நுழைந்தார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம். ஆரம்பமே மேகம். அப்புறம் மலை, அதற்கு மேல் இன்னொரு மலை. ஒரு வெள்ளைக்காரர் குரல், கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறார் என்று கேட்டாலே தெரிகிற குரல், நிறுத்தி நிதானமாகப் பேசியது. மட்டக் குதிரைகள் மூட்டை சுமந்து வரிசையாக ஏறின. ஆள் நுழைகிற அகலத்துக்கு இரும்புக் குழாய்கள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடந்தன. ஜல்லிக் கூடையைத் தலையில் வைத்த பெண்கள் கேமராவைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மலையின் வயிற்றில் ஒரு ஓட்டை. உள்ளே பல்பு வெளிச்சத்தில், மேலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு இரண்டு பேராக நின்று டிரில் பிடித்தார்கள்.

"தண்ணி வுடாம அடிக்கிறான் பாரு," என்றார் ஒரு கிழவர். "தூசி எல்லாம் நெஞ்சுக்குள்ளதான். நம்ம ஆளுங்கதான். புடிக்கிற புடியிலயே தெரியுது."

"தாத்தா எங்க?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஹெல்மெட், ஒரே இருட்டு. தெரியவில்லை. மருந்து வைத்தார்கள், திரி புகைந்தது, ஓடினார்கள். மலை ஒருமுறை குலுங்கியது. ஓட்டையிலிருந்து புகை புரண்டு வெளியே வந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கேமரா முகத்துக்குக் கிட்டே போனது. வீட்டில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் ஒருமுறை திரையைப் பார்த்தார்கள், ஒருமுறை ஃப்ரீசர் பெட்டியைப் பார்த்தார்கள். அதே நெற்றி, அதே தாடை. இன்பராஜின் முகமும் அதுதான். ஒரு பெண் "ஐயோ" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரைச் சுற்றி நின்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அந்தக் கோட்டுக் குரல் தணிந்து பேசியது.

"இன்னா சொல்றாரு?" என்றார் டைட்டஸ்.

ரோனி தமிழில் சொன்னான். "மலை சும்மா மின்சாரம் குடுக்காது, அதுக்கு ஒரு விலை கேக்கும்ன்றாரு. கோலாருலேந்து வந்த இந்த இளைஞன் அந்த விலையக் குடுத்தான், திரும்ப வீட்டுக்குப் போக மாட்டான்ன்றாரு."

அதற்குள் திரையில் தண்ணீர் குழாய்க்குள் பாய்ந்து, சக்கரம் சுற்றி, யாருடைய கையோ பித்தானை அமுக்கி, ஒரு மலைக் கிராமத்தில் பல்பு எரிந்துவிட்டது. பல்பைப் பார்த்த ஒரு குழந்தைக்குக் கண் கூசியது. 'தி எண்ட்' போட்டுப் படம் முடிந்தது.

டைட்டஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது.

"வினோலியா, தப்பா நெனைக்காத. படமும் செத்துட்டான்னுதான சொல்லுது? திரும்ப மாட்டான்னே சொல்றான். பதிவேடும் அத்தத்தான் சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போவுது."

"அப்ப இவரு யாருங்க?" என்று கத்தினான் இன்பராஜ், பெட்டியைக் காட்டி.

"தம்பியா இருக்கலாம். பங்காளியா இருக்கலாம். முகஜாடை ஒத்துப்போறது இல்லியா? நான் சொல்லலப்பா, நாளைக்கு கேக்கறவன் கேப்பான்."

இன்பராஜ் அவர் சட்டையைப் பிடித்துவிடுவானோ என்று ரோனி நடுவில் வந்து நின்றான். பெரியவர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். புது இடமும் நல்ல இடம்தான், காற்று வரும் என்றார் ஒருவர். செத்தவருக்குக் காற்று எதற்கு என்றார் இன்னொருவர். வண்டிக்கு இப்போதே சொன்னால்தான் நாலு மணிக்கு வரும் என்றது ஒரு குரல். காரியம் கைமீறிப் போய்க்கொண்டிருந்தது.

வினோலியா திரையைவிட்டு நகரவில்லை.

"ரோனி, அந்த ஸ்ட்ரெச்சர் எடத்துக்கு மறுபடியும் போ."

போனான். முகம் வந்தது. ஹெல்மெட்டுகள் கழன்றன. குரல் பேசியது.

"மறுபடியும்."

மூன்று நாளாக அவள் வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரி வேண்டாம், மூச்சை மட்டும் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் மூக்கையும் நெஞ்சையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் பார்த்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எத்தனை எண்ணலாம் என்று அவளுக்குத் தெரியும். நாலில் ஆரம்பித்து இன்று விடியும்போது இருபதைத் தாண்டி, அதன் பிறகு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

"நிறுத்து. கொஞ்சம் பின்னால. இன்னும் கொஞ்சம். இங்க பாரு."

"எங்க அத்தை?"

"மூக்குகிட்ட."

எல்லோரும் குனிந்தார்கள். பின்னால் கறுப்பாக ஈரப் பாறை. அதற்கு முன்னால், செத்தவனின் மூக்கு நுனிக்கு மேலே, வெள்ளையாக ஒரு துளிப் புகை. ரோனி மெதுவாக ஓட்டினான். புகை கலைந்தது. கோட்டுக் குரல் தன் பாட்டுக்கு விலையைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தது. பாவம், அத்தனை நேரம் மூச்சை அடக்க முடியாமல், செத்தவன் இன்னொரு தரம் புகை விட்டான்.

"பீடி புகையா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"பொணம் எங்கய்யா பீடி குடிக்கும்? மூச்சு! மலையில குளுரு, மூச்சு வுட்டா புகையா வரும்."

"மூச்சு வுடுறாருடா!"

அப்புறம் நடந்ததை அந்த வீட்டுக்கு வந்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். துக்க வீட்டில், பிணத்தின் தலைமாட்டில், எல்லோரும் சிரித்தார்கள். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு பெண்கள் சிரித்தார்கள். இன்பராஜ் சிரித்துக்கொண்டே இருந்தவன் சுவரில் சாய்ந்து விக்கி விக்கி அழுதான். வினோலியா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தையல் பிசகைக் காட்டும்போது விரலை வைக்கிற மாதிரி, திரையில் அந்த இடத்தில் விரலை வைத்தபடியே நின்றாள்.

டைட்டஸ் மூன்று தரம் ஓட்டச் சொன்னார். மூன்றாவது தரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு ஜன்னல் திட்டில் பதிவேட்டை விரித்தார்.

"இந்தப் படத்தப் பாத்துட்டுதான் எழுதிக்கிறாங்க. அந்தப் படத்துல ஆளு சாவல. அப்ப இந்த வரியும் சாவு இல்ல." யாரும் மறுத்துப் பேசவில்லை என்றாலும் குரலை உயர்த்தினார். "எறங்குனவன் ஏறுனானான்னு பாக்கறதுதான்யா முப்பது வருஷம் என் வேலை. அந்த ஆளு எப்ப ஊருக்கு வந்தாரு வினோலியா?"

"கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாளு முன்னால."

பேனாவை உதறினார். மேலிடத்து உத்தரவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. முத்து முத்தான அந்த நீல எழுத்துக்குப் பக்கத்தில், தன்னுடைய கோணல் கையெழுத்தில், டைம் ஆபீஸில் எழுதுவதைப் போலவே எழுதினார்: மேலே வந்தார், 23-12-1961. கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மை காய ஊதினார்.

"குழி வெட்டறவங்கள அனுப்பு இன்பராஜு. நானும் கூட வரேன். மொதல்ல குழியில கீற பெட்டிய எடுத்துக் காட்டணும் எனக்கு. மழைக்கு ஒரு தார்ப்பாய் எடுத்துக்க."

அவர்கள் போன பிறகு வீடு சுறுசுறுப்பானது. பூமாலை வந்தது. வண்டிக்கு எந்த ரோடு என்று சொன்னார்கள். புதுப் பாஸ்டர் போனில், கடவுள் வழி திறந்தார் என்றார். ரோனி லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தான். மெழுகுவர்த்தியைப் பழைய இடத்தில் வைத்துப் பற்றவைத்தார்கள். வினோலியா அப்பாவுக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். காலர் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

மூன்று மணிக்கு இன்பராஜ் போன் பண்ணினான்.

"அக்கா, பெட்டி கெடச்சிச்சி. பலகையெல்லாம் மக்கிப் போச்சி. பூட்ஸு மட்டும் அப்பிடியே கீது. எலும்பு கிலும்பு ஒண்ணுமில்ல. டைட்டஸ் அண்ணா பாத்துட்டாரு. அம்மா பக்கத்துலயேதான், ஒரு முழம்கூட எடவெளி இல்ல. பூட்ஸ இன்னா பண்றது?"

"அங்கயே வை."

"காலுக்கா, தலைக்கா?"

"காலுக்குத்தான்டா."

போனை வைத்தாள். சரி என்று சொன்னதைச் செய்தாகிவிட்டது. இனிமேல் செய்வதற்கு அவள் பங்குக்கு ஒன்றும் இல்லை. அது அவளுக்குப் புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

சவப்பெட்டி வந்துவிட்டது என்று சொல்லி எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். ஃப்ரீசர் கடைக்காரர் உள்ளே வந்து பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கரண்டு நிறுத்திடலாமாம்மா?"

"ஒரு நிமிஷம் இருங்க."

அவர் குனிந்தபடியே இருந்தார். மோட்டார் ஓடுகிற மெல்லிய ஓசை அறையில் இருந்தது. அவ்வளவு பேர் இருந்த புழுக்கம் இன்னும் கலையவில்லை. பெட்டியின் கண்ணாடியில், அப்பாவின் மூக்குக்கு நேர் மேலே, வட்டமாக வெள்ளையாகப் பனி படிந்திருந்தது.

வினோலியா எண்ண ஆரம்பித்தாள். இருபது வந்தது. முப்பது வந்தது. நாற்பதுக்கு மேல் எங்கேயோ எண்ணிக்கை தப்பியது. கையை நீட்டி, உள்ளங்கையைக் கண்ணாடியின் மேல் அந்த இடத்தில் வைத்து ஒரு முறை துடைத்தாள். பனி கையோடு வந்துவிட்டது. முழுவதும் வெளிப்பக்கத்து ஈரம். உள்பக்கம் கண்ணாடி சுத்தமாக இருந்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நிறுத்திடுங்க," என்றாள்.